தெருக்காரர்களைச் சேர்க்க வாட்ஸ்அப் கம்யூனிட்டி சரிப்படுமா? ஒரு அட்மினின் விமர்சனம்

தெருவுக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று நாலு பேர் கூடியதும் முதலில் எழுகிற கேள்வி, எல்லாரையும் எதில் சேர்ப்பது என்பதுதான். வாட்ஸ்அப்பா, டெலிகிராமா, ஃபேஸ்புக்கா என்று பேசிப் பேசியே ஒரு மாதம் ஓடிவிடும். சென்னைக்குத் தெற்கே முடிச்சூர் பக்கம், அடையாற்றை ஒட்டிய பகுதியில், பல தெருக்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் கம்யூனிட்டி, அதாவது பல குரூப்களை ஒரே பெயரின் கீழே சேர்க்கிற வசதி, நடத்திவருகிறோம். அட்மின்களில் நானும் ஒருத்தி. ஏரி சுத்தம், மழைக்கால உதவி, ரத்தம் தேவைப்பட்டால் ஆள் தேடுவது, தெருவிளக்கு, குடிநீர் என எல்லாவற்றுக்கும் இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வேலைக்கு இது சரிப்படுமா என்று கேட்டால், சரிப்படும். ஆனால் இதில் இருக்கிற ஒரு வசதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால்தான் சரிப்படும், இல்லாவிட்டால் இன்னொரு அரட்டைக் குரூப் உருவாகும், அவ்வளவுதான்.

கம்யூனிட்டி வசதி எல்லாருக்கும் வந்தது 2022 நவம்பரில். அதற்கு முன்னால் குரூப் மட்டும்தான். அதிலும் பல வருடம் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, 2022-ல்தான் அது முதலில் 512 ஆகி, அப்புறம் 1024 ஆனது. எண்ணிக்கை கூடியது நல்லதுதான், ஆனால் ஆயிரம் பேரை ஒரே குரூப்பில் போட்டால் என்ன ஆகும் என்று குரூப் நடத்திய எல்லாருக்கும் தெரியும். காலையில் பூப்படம் போட்ட குட் மார்னிங், நடுவில் ஒரு கட்சிச் சண்டை, ஒரு மனை விற்பனை விளம்பரம், யாருக்கோ பிறந்தநாள், அதற்கு எண்பது வாழ்த்து. இதற்கு நடுவே "நாளை காலை தண்ணீர் வராது, இன்றே பிடித்து வையுங்கள்" என்கிற ஒரு வரி எங்கே போனது என்றே தெரியாது. பாதிப் பேர் குரூப்பை மியூட்டில் போட்டுவிடுவார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் உறுப்பினராக மட்டும் இருக்கிற குரூப்களில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

கம்யூனிட்டியில் ஒவ்வொரு தெருவும் தனித்தனிக் குரூப்பாகவே இருக்கும். எல்லாக் குரூப்பும் ஒரே பெயரின் கீழே வரும். எந்தத் தெருக் குரூப்பில் இருந்தாலும் நீங்கள் தானாகவே அறிவிப்புக் குரூப்பில் சேர்ந்துவிடுவீர்கள், அதில் அட்மின்கள் மட்டும்தான் செய்தி போட முடியும். மூன்றாவது தெருவில் குப்பைத்தொட்டியை யார் வாசலில் வைப்பது என்று நடக்கிற வாக்குவாதம் ஏழாவது தெருக்காரருக்குத் தெரியவே தெரியாது. நான் முதலில் சொன்ன வசதி இந்த அறிவிப்புக் குரூப்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திக்கு மேல் அதில் போடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே அட்மின்கள் எங்களுக்குள் முடிவெடுத்தோம். பண்டிகை வாழ்த்துகூட அதில் கிடையாது. அதனால் அதில் ஒரு செய்தி வந்தால் ஏதோ காரியமாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் திறந்து பார்க்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு தடவை போய்விட்டால் திரும்ப வராது.

செய்தியை எப்படி எழுதுகிறோம் என்பதற்கு ஏரி சுத்தம் செய்த ஒரு வாரத்தின் அறிவிப்பை, கேட்க வேண்டியவரின் பெயரையும் நம்பரையும் மட்டும் எடுத்துவிட்டு, அப்படியே தருகிறேன்:

"ஞாயிறு காலை 6.30. ஏரிக்கரை, மதகு பக்கம். ஆகாயத்தாமரை எடுக்கிறோம். கையுறை இருக்கிறது, பிடிமானமான செருப்போ ஷூவோ போட்டு வரவும். மண்வெட்டி, பழைய சாக்கு இருப்பவர்கள் கொண்டுவரவும். பிள்ளைகள் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம். 8.30-க்கு முடித்துவிடுவோம். டீ உண்டு."

இதில் "8.30-க்கு முடித்துவிடுவோம்" என்பதுதான் முக்கியமான வரி. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகணும், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகணும், பிள்ளைக்கு டியூஷன் என்று எல்லாருக்கும் ஏதோ இருக்கும். எப்போது விடுவார்கள் என்று தெரியாத வேலைக்கு யாரும் வரத் தயங்குவார்கள். முடிகிற நேரத்தைப் போட ஆரம்பித்த பிறகு வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியக் கூடினார்கள். "நம் ஏரியைக் காப்போம், அனைவரும் வாரீர்" என்று மட்டும் போட்டால் கைகூப்பிய எமோஜியாக வந்து குவியும், கரைக்கு ஆள் வராது. வேலை என்ன, எத்தனை மணிக்கு, எதைக் கொண்டுவரணும், எப்போது முடியும், யாரைக் கேட்கணும், இந்த ஐந்தும் இருக்கிற செய்திக்கு ஆள் வருகிறது. வாக்கெடுப்பு வசதியையும் பயன்படுத்துகிறோம், அதுவும் 2022-ல் வந்ததுதான். "வருகிறேன்" என்று அழுத்தியவர்களில் பாதிப் பேர் வந்தால் அது நல்ல ஞாயிறு என்று கணக்கு வைத்துக்கொண்டு டீ சொல்லுங்கள்.

பெண்கள் சேரத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் போன் நம்பர். சாதாரணக் குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் உங்கள் நம்பர் தெரியும். ஏரி சுத்தம் பண்ண வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு "ஹாய்" வந்தால் அடுத்த வாரம் அவள் வரமாட்டாள், அவள் அம்மாவும் விடமாட்டார். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பில் மற்ற உறுப்பினர்களுக்கு உங்கள் நம்பர் காட்டப்படாது. அட்மின்களுக்கும், உங்களை ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும், உங்கள் தெருக் குரூப்பில் கூடவே இருப்பவர்களுக்கும்தான் தெரியும். இதை வீட்டுக்கு வீடு போய்ச் சொன்ன பிறகுதான் எங்கள் பகுதியில் பெண்கள் அதிகமாகச் சேர்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் உங்களைக் குரூப்பில் இழுத்துப் போடாமல் தடுக்கிற அமைப்பும் 2019-லிருந்து இருக்கிறது, செட்டிங்ஸில் பிரைவசி, அதில் குரூப்ஸ் என்று போய் மாற்றிக்கொள்ளலாம். நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. சேர்க்கும்போதே அட்மின்கள் இதைக் காட்டிக்கொடுத்துவிடுவது நல்லது.

மழைக்காலத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் இந்த விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்து அடையாறு கரை புரண்ட ராத்திரியை இங்கே இருந்த ஒருவரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில்தான் சமூக ஊடகம் எதற்கெல்லாம் உதவும் என்று சென்னை பார்த்தது. முன்பின் தெரியாத ஆட்கள் கூகுள் ஷீட்டில் பட்டியல் போட்டார்கள்: யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, யார் சாப்பாடு தருகிறார்கள், எங்கே படகு தேவை. ட்விட்டரில் ஹேஷ்டேக் வைத்து உதவி கேட்டவர்களையும் தருகிறவர்களையும் சேர்த்தார்கள். அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. ஏற்கெனவே காப்பாற்றப்பட்ட வீட்டின் முகவரி நாள் கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. தன்னார்வலர்கள் அங்கே போய்ப் பார்த்தால் பூட்டிய வீடு.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் கையில் கம்யூனிட்டி இருந்தது. மழைக்கு என்று தனியாக ஒரு குரூப் வைத்திருந்தோம், அதில் பேச்சுக்கு இடமில்லை. தெரு, வீட்டு எண், எத்தனை பேர், தரைத்தளமா மாடியா, முதியவரோ கர்ப்பிணியோ நோயாளியோ இருக்கிறார்களா, இவ்வளவுதான் எழுத வேண்டும். ஆள் போய்ச் சேர்ந்ததும் அதே செய்திக்கு ரிப்ளையாக "முடிந்தது" என்று ஒரு அட்மின் போட வேண்டும். அந்த ஒரு சொல் எத்தனை வீண் அலைச்சலைத் தவிர்த்தது என்று சொல்லி மாளாது. மாடியில் இருந்தவர்கள் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது என்று படம் போட்டார்கள். பால் பாக்கெட் எந்தக் கடையில் கிடைக்கிறது, எந்தப் பாதையில் போனால் மெயின் ரோட்டைப் பிடிக்கலாம், வீட்டுக்குள் பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில்தான் வந்தது. லைவ் லொகேஷன் அனுப்பச் சொன்னதும் உதவியாக இருந்தது. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு இருக்கிறது, மழையில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும், பேட்டரி மிஞ்சும்.

ஆனால் கரன்ட் போய், டவரும் போன பிறகு எந்த ஆப்பும் ஒன்றும் செய்யாது. இதைத் தெரிந்துகொண்டே ஆரம்பிக்க வேண்டும். அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அக்டோபரிலேயே, தெருவுக்கு ஒருவரிடம் தாளில் எழுதின பட்டியல் இருக்கும்: தனியாக இருக்கிற முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், பிரசவத் தேதி நெருங்கியவர்கள், தரைத்தளத்தில் இருப்பவர்கள். இந்தப் பட்டியலை எந்தக் காரணம் கொண்டும் குரூப்பில் போடாதீர்கள். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய தகவல் இல்லை.

மழைச் செய்தியில் இன்னொரு தொல்லை பழைய ஸ்கிரீன்ஷாட். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பதிவைத் தேதி தெரியாமல் வெட்டி, அடுத்த வருடம் யாரோ அனுப்புவார்கள். எங்கள் விதி: படம் கூடாது, பதிவின் லிங்க் மட்டும். லிங்க்கைத் தொட்டால் தேதி தெரிந்துவிடும். ரத்தம் கேட்டு வருகிற செய்திகளுக்கும் அப்படித்தான். எந்த மருத்துவமனை, என்ன ரத்த வகை, எத்தனை யூனிட், எந்தத் தேதிக்குள் என்று இல்லாத எதையும் போடுவதில்லை. போட்ட பிறகு ரத்தம் கிடைத்துவிட்டால் அட்மின் அந்தச் செய்தியை எல்லாருக்கும் சேர்த்து அழித்துவிடுவார். அப்படிச் செய்யாவிட்டால் அந்த நம்பருக்கு ஆறு மாதம் கழித்தும் போன் வரும். அதற்குள் அந்த நோயாளி பிழைத்தும் இருக்கலாம், இறந்தும் இருக்கலாம். அந்தக் குடும்பத்தை அப்படித் தொந்தரவு செய்ய நமக்கு என்ன உரிமை?

வதந்தி பற்றித் தயங்காமல் பேச வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த ஃபார்வர்டுகள்தான் அந்தப் பயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவை. அதே ஆண்டு நாட்டின் பல மாநிலங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், ஜூலையில், இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப் பல கை மாறி வந்த செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி தெரியும், அது இருக்கிற எதுவும் எங்கள் தெருக் குரூப்களில் கூடாது, போட்டால் அட்மின் அழித்துவிடுவார். இதில் தாட்சண்யம் பார்ப்பதில்லை. பெரியவர் ஒருவர் போட்டிருந்தால் அழித்துவிட்டுத் தனியாகப் போன் பண்ணி, "மாமா, அது பழைய வீடியோ, வேற மாநிலத்தில எடுத்தது" என்று சொல்லிவிடுவோம். குரூப்பில் வைத்துக் கண்டித்தால் அவர் மனசு விட்டுப்போகும், அப்புறம் ஏரிக்கும் வரமாட்டார்.

அட்மினாக இருந்தால் வழக்கு வருமா என்று பலர் பயப்படுகிறார்கள். உறுப்பினர் ஒருவர் போட்டதற்காக, அட்மின் என்கிற ஒரே காரணத்தை வைத்து அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. பயப்படாமல் அட்மின் ஆகலாம், ஆனால் தப்பான செய்தி கண்ணில் பட்டதும் அழிக்கிற பழக்கம் வேண்டும்.

இனி குறைகள். முதல் குறை, சாதாரணமாக அனுப்புகிற படம் சுருங்கிவிடும், படத்துக்குள் இருக்கிற இடத் தகவலும் போய்விடும். அரட்டைக்கு அது நல்லது, பாதுகாப்பும்கூட. ஆனால் வரத்துக்கால்வாயில் கட்டடக் கழிவைக் கொட்டியிருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு மனு எழுதும்போது அந்தப் படம் உதவாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அல்லது தேதி, நேரம், இடத்தைப் படத்தின் மேலேயே பதிக்கிற ஜிபிஎஸ் கேமரா ஆப்பில் எடுக்கச் சொல்லுங்கள், எங்கள் பகுதி இளைஞர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கிற எண் படத்தில் தெரிய வேண்டும். அது இல்லாமல் "எங்க தெருவுல லைட் எரியல" என்று மொட்டையாகச் சொன்னால், வருகிற ஊழியர் எந்தக் கம்பம் என்று யாரைப் போய்க் கேட்பார்?

இரண்டாவது குறை பெரியது. உள்ளே என்ன பேசினாலும் வெளியே யாருக்கும் தெரியாது. நூறு பேர் ஒரே நாளில் "சாக்கடை நாறுது" என்று குரூப்பில் எழுதினாலும் அது எந்த அலுவலகத்துக்கும் போகாது. எழுதியவர்களுக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதி வந்துவிடும், சாக்கடை அப்படியே இருக்கும். எங்கள் வழி இதுதான்: குறையை முறைப்படி பதிவுசெய்யணும், மாநகராட்சியிலோ, 1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி' என்கிற அரசின் குறைதீர்ப்புப் பிரிவிலோ, மின்சாரம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலோ. அப்புறம் அந்தப் புகார் எண்ணை மட்டும் தெருக் குரூப்பில் போடணும். ஒரு வாரத்தில் அசைவில்லை என்றால் அதே எண்ணோடு எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் துறையை டேக் செய்து பொதுவில் போடுகிறோம். ஒரு தடவை ஒரு அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டபோது "அப்படிப் புகாரே வரலையே" என்றார்கள், எண்ணைக் காட்டியதும் தேடி எடுத்தார்கள். உள்ளே ஆள் திரட்ட வாட்ஸ்அப், வெளியே கேட்க எக்ஸ் அல்லது ஃபேஸ்புக், கையில் மனுவின் நகல். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் வேலை நகர்வதில்லை.

மூன்றாவது, பழைய விஷயம் அடியில் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முன்னால் நடந்த பேச்சு தானாகத் தெரிவதில்லை. இதில் டெலிகிராம் நன்றாக இருக்கிறது, முழு வரலாற்றையும் காட்டும்படி வைக்கலாம், இரண்டு லட்சம் பேர் வரை ஒரு குரூப்பில் சேரலாம், பெரிய கோப்புகளும் போகும். அப்படியானால் ஏன் அதற்கு மாறவில்லை என்றால், எங்கள் தெரு அக்காக்கள், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன்கள், பூக்கட்டுகிற பாட்டி யாரும் அதில் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் எத்தனை வசதி இருந்து என்ன? வாட்ஸ்அப்பில் எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்கள்கூட வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுகிறார்கள். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற ஒருவர் கலங்கலில், அதாவது ஏரியின் உபரி நீர் வழிகிற இடத்தில், உடைப்பு எடுத்திருக்கிறது என்று முதலில் சொன்னது ஒரு வாய்ஸ் மெசேஜில்தான். அவருடைய அந்த ஒரு தகவலுக்காகவே இந்த ஆப்புக்கு என் கணக்கில் முழு மதிப்பெண்.

வாட்ஸ்அப் சேனல் என்று 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்ததையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம், ஆனால் அது ஒருவழிப் பாதை. செய்தி சொல்ல உதவும், மண்வெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்க உதவாது. ஃபேஸ்புக் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கும் நன்கொடை தருகிறவர்களுக்கும் நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்ட பிறகு, பேராவூரணியில் கைஃபா என்கிற கடைமடைப் பகுதி விவசாயிகள் அமைப்பு 2019-ல் பெரியகுளத்தைத் தூர்வாரியபோது, வேலை நடக்க நடக்கப் படங்கள் சமூக ஊடகத்தில் வந்துகொண்டே இருந்தன. ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி அது. கொடுத்த காசு மண்ணாக வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கிறவர் மறுபடியும் கொடுப்பார். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017-லிருந்து ஞாயிறுதோறும் குளங்களில் வேலை செய்துவருகிறது. அவர்களிடம் நான் எடுத்துக்கொண்டது அந்த "ஞாயிறுதோறும்" என்பதைத்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய மாதிரிக் கூட்டத்தைச் சமூக ஊடகம் சில நாளில் திரட்டிவிடும். ஆனால் ஏரிக்கு வேண்டியது வாராவாரம் வருகிற அதே இருபது முப்பது பேர்.

செலவு என்று பார்த்தால் ஆப் இலவசம். நேரம்தான் செலவு, அட்மின்களுக்கு தினமும் அரை மணி நேரமாவது போகும், மழைக்காலத்தில் தூக்கமும் போகும். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்குத் தெருமுனை டீக்கடை அறிவிப்புப் பலகையில் அதே செய்தியைச் சாக்பீஸில் எழுதிவிடுகிறோம், அதற்கும் ஒரு ஆள் வேண்டும். பண வசூலைக் குரூப்பில் நடத்தாதீர்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் கேளுங்கள், மாதம் ஒரு தடவை வரவு செலவுத் தாளைப் படம் எடுத்து அறிவிப்பில் போடுங்கள், டீக்குக் கொடுத்த காசு உட்பட.

ஒரே தெரு, நாற்பது ஐம்பது வீடுதான் என்றால் கம்யூனிட்டி வேண்டாம். இரண்டு சாதாரணக் குரூப் போதும்: ஒன்று பேச, இன்னொன்று அட்மின் மட்டும் போடுகிற மாதிரி அமைத்த அறிவிப்புக் குரூப், இந்த அமைப்பு 2018-லிருந்தே இருக்கிறது. நாலைந்து தெரு சேர்ந்த பிறகு கம்யூனிட்டிக்கு மாறலாம், பழைய குரூப்களை அப்படியே உள்ளே சேர்த்துக்கொள்ள முடியும். எப்படி வைத்தாலும் அட்மின் குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், மூன்று பேரும் ஒரே வீட்டிலோ ஒரே கட்சியிலோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.